பஞ்சாலைப் படிப்பு யாருக்கு?

லோயர்கேம்பில் மலையை விட்டு இறங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் வயலை நனைத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டி வந்து சேருகிறது. இருபோகப் பாசனக் கணக்கு இந்த ஊரோடு முடிகிறது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் உழைப்பாளி மக்கள் வயலை மட்டும் நம்பிப் பிழைக்க முடிகிறதா? நடவும் களையெடுப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களில் விவசாயத் தொழிலாளியின் வீட்டில் உலை கொதிக்க வழி என்ன? தேனி வட்டாரத்துப் பஞ்சாலைகள்தான். தாய் சேற்றில் நிற்கிறாள். மகள் மில்லில் நிற்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை ஏற்றிக்கொள்ள ஊர் முனையில் மில் வேன் வந்து நிற்கிறது.

அதே பஞ்சையும் நூலையும் யந்திரத்தையும் பற்றிப் பல்கலைக் கழகத்தில் நான்கு வருஷம் கற்பிக்கும் படிப்பு ஒன்று உண்டு. ஜவுளித் தொழில்நுட்பம் என்று அதற்குப் பெயர். நூற்பு, நெசவு, பின்னல், சாயம், ஆடைத் தயாரிப்பு எல்லாம் அதில் அடங்கும். அந்த வகுப்பில் உட்கார நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது என்கிறோம். அந்த உரிமையைப் போராடித்தான் பெறவேண்டும் என்றும் சொல்கிறோம்.

இந்தப் படிப்பு யார் கையில் வளர்ந்தது என்று பாருங்கள். 1885-ல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் பலத்தில் பஞ்சாலை ஓட்டத் தொடங்கினார்கள். யந்திரமும் அதை ஓட்டும் வித்தையும் சீமையிலிருந்து வந்தன. உழைப்பு மட்டும் நம்முடையது. 1944-ல் அழகப்ப செட்டியாரின் நன்கொடையில் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இன்று அது அண்ணா பல்கலைக் கழகத்தின் ஓர் அங்கம். 1951-ல் கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பஞ்சாலை முதலாளிகள் கல்லூரி கட்டியதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கே விளைந்தது? ஸ்பின்னிங் பகுதியில் ஷிப்டு முழுவதும் நடந்து நடந்து அறுந்த இழையைப் பிணைத்த சைடரின் காலில் விளைந்தது. கல்லூரிச் சுவரில் முதலாளியின் பெயர் இருக்கிறது. சைடரின் மகளுக்கு அந்த வகுப்பில் இடம் வேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, பாக்கி வசூல்.

மில்லிலும் "பயிற்சி" நடக்கிறதே என்பார்கள். அந்தப் பயிற்சியின் லட்சணம் என்ன? 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்று சொல்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது. இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எத்தனை கொள்ளை! "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, முடிவில் கலியாணத்துக்கு மொத்தப் பணம் தருவதாக ஆசை காட்டித் தென்மாவட்டத்துப் பெண்களை மில்களுக்கு அள்ளிச் சென்றதை நாடு அறியும். பாதியில் உடம்பு கெட்டுத் திரும்பியவளுக்குக் கிடைத்தது என்ன? நூல் அறுந்தால் பிணைக்கத் தெரிந்துகொள்ளச் சில வாரங்கள் போதும். மூன்று வருஷப் பயிற்சி எதற்கு? பயிற்சி என்ற பெயரில் குறைந்த கூலிக்கு முழு வேலை வாங்குவதற்குத்தான்.

பல்கலைக் கழகத்து மாணவனும் பயிற்சி பெறுகிறான். அவனுக்கு நான்கு வருஷ முடிவில் பட்டம். இவளுக்கு மூன்று வருஷ முடிவில் இருமல்.

அந்தப் படிப்பில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். 840 கெஜம் நூல் ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடையில் எத்தனை ஹேங்க் இருக்கிறதோ அதுவே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு ஷிப்டில் நம் கை எவ்வளவு நூற்றது, அது எவ்வளவு பணம், நமக்கு வந்த கூலி எவ்வளவு என்று கணக்குப் போடலாம். இன்னொன்று, 100 கிலோ நூலுக்கு எத்தனை தொழிலாளி-மணி செலவாகிறது என்று பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்த எண் குறையக் குறைய மானேஜர் முகம் மலருகிறது. நல்ல யந்திரத்தாலும் நல்ல பஞ்சாலும் அது குறைந்தால் நமக்கும் சந்தோஷமே. ஆளைக் குறைத்து, இருக்கும் பெண்ணின் தலையில் இன்னும் இரண்டு பக்கத்தை ஏற்றியும் அதைக் குறைக்கலாம். எது நடந்தது என்று கண்டுபிடிக்க நம் பக்கத்தில் ஒரு பொறியாளர் வேண்டாமா?

பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்னும் நோய்க்குப் பிஸினோஸிஸ் என்று பெயர். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் மார்பு இறுகுவது அதன் அடையாளம். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு பொறியியலுக்குத் தெரியாததல்ல. அதற்குப் பணம் செலவாகும், அவ்வளவுதான்!

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். "பஞ்சுத் தூசி எங்களோடு போகட்டும், பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்பார்கள் பெற்றோர். அந்த வேதனை நமக்குப் புரிகிறது. எந்தப் படிப்பையும் படிக்கட்டும். ஆனால் நாம் எல்லோரும் இந்தப் படிப்பை ஒதுக்கினால், பஞ்சாலையின் அறிவு முழுவதும் முதலாளி பக்கத்திலேயே தங்கிவிடும். "பட்டம் வாங்கினால் அவனும் மானேஜர் ஆளாகிவிடுவான்" என்பார்கள் சில தோழர்கள். ஆகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. சங்கம் அவர்களைத் தேடிப் போனதுண்டா? படிக்கும் காலத்தில் துணை நின்ற சங்கத்தை அத்தனை பேரும் மறந்துவிடுவார்கள் என்று ஏன் நினைக்க வேண்டும்?

1917 புரட்சிக்குப் பின் சோவியத் நாடு செய்ததை நினைத்துப் பாருங்கள். 1919-ல், உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய வேளையிலேயே, பள்ளிப் படிப்பை முடிக்காத தொழிலாளியையும் விவசாயியையும் பல்கலைக் கழகத்துக்குத் தயார் செய்ய "ராப்பாக்" என்ற தொழிலாளர் கல்விப் பிரிவுகளைத் திறந்தார்கள். மாஸ்கோவில் ஜவுளிப் பொறியியலுக்கென்றே ஓர் உயர்கல்வி நிலையம் ஏற்பட்டதும் அதே வருஷம்தான். ரொட்டிக்கே தட்டுப்பாடு இருந்தபோது அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியாது?

நம் நாட்டிலும் வாசல் முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010-ல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடம் 2021 சட்டப்படி கிடைத்தது. அவர்களின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்றது. டிப்ளமோ முடித்தவர்கள் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். தகவல் தெரியாமல் மில் வேனில் ஏறிய பெண்கள் எத்தனை பேர்!

ஆகவே நாம் கோருவது இது. போடியில் 2012-ல் ஏற்பட்ட அரசு பொறியியல் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவைத் திற! கோவைக்கும் சென்னைக்கும் பிள்ளையை அனுப்ப விவசாயத் தொழிலாளியால் ஆகாது. அண்ணா பல்கலைக் கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. அதைப்போல் ஜவுளிப் படிப்பையும் தமிழில் கொடு! மில்லில் பயிற்சி என்றால் பதிவு செய்த ஒப்பந்தம், குறைந்தபட்சக் கூலி, அந்தப் பயிற்சிக் காலத்தை டிப்ளமோவில் சேர்க்கும் ஏற்பாடு, மூன்றும் வேண்டும்! வேலைப் பளுவை நிர்ணயிக்கும்போது சங்கத்தைக் கேட்டே நிர்ணயி!

சர்க்காரிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. பரீட்சை முடிவு வரும் வாரத்தில் ஒவ்வொரு சங்க ஆபீசிலும் ஒரு மேஜை போடுங்கள், தோழர்களே. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று வாங்க உடன் போங்கள். விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். மில் ஏஜெண்ட் வீடு வீடாக ஏறி இறங்குகிறான். அவனுக்கு முன்னால் நாம் அந்தப் படியை ஏற வேண்டும்.