பாதை ஏற்கெனவே இருக்கு

திருகோணமலைக்கும் ஒரு 'பீக்கோ டிரெயில்' வேணும் எண்டு ஆசைப்படுறவைக்கு லிங்கநகரில் இருந்து ஒரு சொல்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 22 கட்டமாக, ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் பாதைகளைக் கோத்து எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் யுஎஸ்எயிட்டும் காசு குடுத்தவை. நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பாதை லயங்களைக் கடந்து போகுது. லயத்தில் இருக்கிற பெரும்பாலானவைக்குச் சொந்தப் பெயரில் ஒரு துண்டு காணி இல்லை. வாறவனுக்கு வாடகை அறை கட்ட முதலில் நிலம் வேணுமே?

எங்களுக்குப் புதுப் பாதை வெட்டத் தேவையில்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை எங்கட ஊரால்தான் போகுது. பிறகு மூதூர், வெருகல், மட்டக்களப்பு, உகந்தை, குமணக் காடு. யுத்தத்தில் அறுந்தும் திரும்ப நடந்த பாதை அது. சனம் கோயில் மண்டபத்தில் படுக்கும், ஊர் சோறு போடும். (அந்த அன்னதானத்தை 'உள்ளூர் உணவு அனுபவம்' எண்டு விலைப்பட்டியலில் போட்டிடாதேங்கோ.)

யாத்திரை இல்லாத மாதங்களில் அதே பாதையில் மற்றவையும் நடக்கட்டும். நிலாவெளிக்கு வானில் வாறவர் புறாத்தீவைப் பார்த்து, ஹோட்டலில் சாப்பிட்டுத் திரும்பிடுவார். லிங்கநகர்க் கடையில் ஒரு சோடா விக்காது. நடக்கிறவனுக்குத் தாகம் எடுக்கும், கால் நோகும், மழை பிடிக்கும். அவன் நிக்கிற இடத்திலெல்லாம் யாருக்கோ யாவாரம்.

ஆனால் வழிகாட்டிப் பலகை நட முன்னம், பாதையோரத்தில் காணி உறுதி இல்லாமல் இருக்கிறவைக்கு அதைக் குடுங்கோ. இல்லாட்டி அறையும் கடையும் வெளியாள் கைக்குத்தான் போகும். எங்கட சனம் அங்க கோப்பை கழுவும்.