ஐவரில் இருவர்

1966இல் தொடங்கிய 'அல்ட்ராமேன்' தொலைக்காட்சித் தொடரின் ஐவர் குழுவில் ஒரே ஒரு பெண். 2022இல் வெளிவந்த 'ஷின் அல்ட்ராமேன்' படத்தின் ஐவர் குழுவில் இரண்டு பெண்கள். இதைப் பிரதிநிதித்துவம் என்று ஏற்க நான் தயாராக இல்லை.

ஹிடேயாகி அன்னோ எழுதி ஷின்ஜி ஹிகுச்சி இயக்கிய இந்தப் படத்தில், பகுப்பாய்வாளர் அசாமியை மெஃபிலாஸ் என்ற வேற்றுக்கிரகவாசி ராட்சத உருவமாக்கி நகரத்தின் நடுவே நிறுத்துகிறான். பழைய தொடரிலும் அந்த ஒற்றைப் பெண்ணுக்கு இதே கதிதான். இப்போது கூடுதலாக, கீழே நிற்பவர்கள் அவளைப் படமெடுத்து இணையத்தில் பரப்புகிறார்கள். அது அவமானம் என்பது படத்துக்குத் தெரியும். தெரிந்தும், படத்தின் கேமரா அவர்களோடு சேர்ந்து தரையில் நின்று, அவள் கால்களை அண்ணாந்து பார்க்கிறது. அந்தக் காணொளிகளை அழிக்கும் பெருந்தன்மைகூட மெஃபிலாஸுக்கே போகிறது. பிறகு நாயகன், தேடும் பொருளைக் கண்டுபிடிக்க, அவள் உடலை முகர்கிறான். அவள் கூசுவது நமக்குச் சிரிப்பாகப் பரிமாறப்படுகிறது.

அவள் அறிவுக்கு வேலை தந்த கதை, அவள் உடலை மற்றவர்களின் வசதிக்கு விட்டுவிட்டது. பெண்களின் எண்ணிக்கையைக் காட்டி வாதிடுபவர்களிடம் கேளுங்கள்: கேமராவை எங்கே வைத்தீர்கள்?