இயற்கை அரிசி யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

போன வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து என் பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான். 1989 பத்தாம் வகுப்பு செட். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்பது வருடமாக மூன்று ஏக்கரில் யூரியா, பூச்சிமருந்து எதுவும் போடாமல் மாப்பிள்ளைச் சம்பா நடுகிறவன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி சொன்னான்: "சார், அடுத்த சம்பாவுக்கு நானும் யூரியா போட்டுப் பொன்மணியே நட்டுடலாம்னு இருக்கேன். முடியல சார்."

கணக்கு வாத்தியார் இல்லையா, கணக்குக் கேட்டேன். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 18 கண்டது. பக்கத்து வயலில் ரசாயன உரம் போட்டவருக்கு 32. வியாபாரி இவனிடம் எடுத்தது மூட்டை 1,500 ரூபாய்க்கு, அதாவது நெல் கிலோ 25. நூறு கிலோ நெல்லுக்கு 60 கிலோ அரிசி என்று வையுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு அவன் கைக்கு வந்தது சுமார் 42 ரூபாய். அதே அரிசியைச் சென்னையில் என் தம்பி மகன் 130 ரூபாய்க்கு வாங்குகிறான். அரைவைக் கூலி, வண்டி வாடகை, கடை வாடகை எல்லாம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதைத்து, மழைக்குப் பயந்து அறுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே!

அந்த வயலில் களை பறித்த பெண்களின் வீட்டில் உலை கொதிப்பது ரேஷன் அரிசியில். விளைவித்தவனுக்குக் கட்டுப்படியாகவில்லை, உழைத்தவளுக்கு எட்டவில்லை. மருந்தில்லாத சோறு நமக்கு மட்டும். இதற்குப் பெயர் இயற்கை வேளாண்மையா? வசதியானவர்களின் பத்தியச் சாப்பாடு.

நம்மாழ்வார் படத்தைப் போட்டு நீங்கள் அனுப்பும் காலை வணக்கங்கள் தினமும் வருகின்றன. அவர் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு வந்தது உழவன் பிழைப்பதற்காக. நமக்குச் சர்க்கரை குறைய வேண்டும் என்பதற்காக அல்ல. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி 2 கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது கடைக்கணக்கு இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பெருகும் கணக்கு. நாம் அந்த விதையின் அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம்.

"இலங்கையில் என்ன ஆச்சு பார்த்தீர்களா சார்?" என்று யாராவது கேட்பீர்கள். பார்த்தேன். 2021இல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, அந்த வருடமே பின்வாங்கினார்கள். மாறுகிற காலத்தின் நஷ்டத்தை உழவன் தலையில் மட்டும் கட்டினால் அப்படித்தான் முடியும். அறுபதுகளில் ரேஷன் வரிசையில் நின்றவன் நான். பசுமைப் புரட்சி வயிற்றை நிரப்பியதை மறுக்க மாட்டேன். ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா என்று கரும்பலகையில் கணக்குப் போட்டவனும் நான்தான். மண்ணுக்கு என்ன ஆகும் என்ற கணக்கை ஒருநாளும் போடவில்லை. அந்தக் கடன் எனக்கும் உண்டு.

அரசின் கணக்கும் இதே கதைதான். யூரியாவுக்கு மூட்டைக்கு மூட்டை மானியம். கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என்று இரண்டே விலை. 2025-26க்கு மத்திய அரசின் ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். மருந்தடிக்காத நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. நீலகிரி, தருமபுரியில் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, அது போல டெல்டாவின் மாணவர் விடுதிகளுக்கும் சத்துணவுக்கும் அந்தந்த வட்டாரத்துப் பாரம்பரிய நெல்லைத் தனி விலை கொடுத்து வாங்கட்டும். களை பறிக்கிற அம்மாவின் பிள்ளை தட்டுக்கு அந்த அரிசி வர எனக்குத் தெரிந்த வழி இதுதான். அரசு அலுவலகங்களில் இருக்கிற என் மாணவர்களே, இந்தக் கோரிக்கையை எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் எழுதித் தருகிறேன்.

அதுவரை நம் கையில் இருப்பது இது. விதைக்கும் அவன் வீட்டுச் சாப்பாட்டுக்கும் போக அவனிடம் சுமார் 1,800 கிலோ அரிசி மிஞ்சும். 15 குடும்பம், மாதம் 10 கிலோ, 12 மாதம். கணக்குச் சரியாக வருகிறதா? அரைவைக் கூலி, பார்சல் சேர்த்துக் கிலோ 80 ரூபாய். பாதிப் பணம் நடவுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மழையில் விளைச்சல் குறைந்தால் அந்த நஷ்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. பேரம் கிடையாது.

முதல் பெயர் என்னுடையது. இன்னும் 14 பெயர் வேண்டும். ஆடி பிறப்பதற்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். கைகூப்பும் படம் போடாதீர்கள், பெயரைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்