365 நாளும் 60 நாளும்

ரயில்வே இலாகாவின் விதியொன்றைக் குறித்து ஜனங்களிடையே மனக்குறை இருந்து வருகிறது. அயல்நாட்டிலிருந்து வரும் உல்லாசப் பிரயாணி 365 நாள் முன்னதாகவே ரயிலில் இடம் பதிவு செய்துகொள்ளலாம். இந்நாட்டுப் பிரஜைக்கோ 60 நாள் தவணைதான். முன்னர் 120 நாளாக இருந்த இத்தவணை 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. அயல்நாட்டாரின் தவணையில் மட்டும் கை வைக்கப்படவில்லை. “வீட்டுக்காரன் திண்ணையில், விருந்தாளி கூடத்திலா?” என்று கோவில்பட்டி ரயிலடியில் நிற்பவர் கேட்பாரானால், அதை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை.

அக்கேள்வியைக் கேட்க இந்தக் கரிசல் சீமைக்கு விசேஷ உரிமையும் உண்டு. மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை 1876-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அந்நிய ஆட்சியில் நாட்டின் ரயில் வண்டிகளில் ஐரோப்பியருக்கென்று தனி அறைகள் ஒதுக்கப்பட்டிருந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, எதிர்த்து நின்ற ஆங்கிலேயக் கம்பெனி அதை ஒழிப்பதற்காகக் கொழும்புப் பிரயாணக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாகவே ஆட்களை ஏற்ற முன்வந்தது. சீட்டு எவர் கையில் இருக்கிறதோ, வழியும் அவர் கையிலேயே என்பதை இந்த மண் அன்றே அறிந்துகொண்டது.

ஆயினும் அன்றைய ஒதுக்கீட்டையும் இன்றைய ஒதுக்கீட்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமன்று. அன்று தனி அறையில் ஏறியவன் எஜமானன். இன்று வருகிறவர் விருந்தினர். அவருக்கென்று ஒதுக்கப்படும் இடங்கள் சொற்பம். அவையும் பெரும்பாலும் குளிர்சாதன மேல்வகுப்புகளிலேயே உள்ளன. பாஸ்போர்ட்டைக் காட்டி, நம்மைவிடக் கூடுதலான கட்டணமும் செலுத்தியே அவர் அந்த இடத்தைப் பெறுகிறார். பிற நாடுகளிலும் இத்தகைய சலுகைகள் உண்டு. ஜப்பானில் குறுகிய காலத்துக்கு வரும் அயல்நாட்டாருக்கென்றே ஒரு ரயில் பாஸ் விற்கப்படுகிறது. அங்கேயே வசிக்கும் ஜப்பானியர் அதை வாங்க முடியாது. இதனால் தங்கள் மானம் போயிற்றென்று அவர்கள் கருதுவதில்லை. காரணம், அவர்களுக்கு வேண்டிய வண்டிகள் அவர்களுக்கு ஓடுகின்றன.

விருந்தினரின் பாடும் முற்றிலும் சுகமென்று சொல்வதற்கில்லை. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து பொதுப் பதிவு திறக்கும் முதல் நிமிஷங்களும் ஆதார் சரிபார்க்கப்பட்டவர்களுக்கே உரியவை. போலிக் கணக்குகளை வைத்துச் சீட்டுகளை வாரிக்கொண்ட தரகர்களை அடக்க இது அவசியமென்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பினாங்கிலோ கொழும்பிலோ பிறந்து, பாட்டனார் ஊரைப் பார்க்க வரும் தமிழருக்கு ஆதார் ஏது? அவரும் இங்கே அயல்நாட்டாரே. மேல்வகுப்புக்குப் பணமில்லாத அத்தகைய உறவினர் இரு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கிறார்.

இனி மூல விஷயத்துக்கு வருவோம். தவணையைக் குறைத்ததற்கு அதிகாரிகள் கூறிய காரணம், 60 நாளுக்கு மேல் முன்கூட்டிச் செய்யப்படும் பதிவுகளில் நூற்றுக்கு 21 ரத்தாகின்றன என்பது. தவறான வாதமன்று. ஆனால் இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. 365 நாளாயினும் 60 நாளாயினும், தன் பிரயாணத் தேதி இன்னதென்று முன்கூட்டியே அறிந்தவனுக்குத்தான் இந்த ஏற்பாடு உதவும். முந்தினவனுக்கே இலை. முந்த முடியாதவன் கதி என்ன?

கரிசல் காட்டுச் சம்சாரியை எண்ணிப் பாருங்கள். அவன் விவசாயம் வானம் பார்த்தது. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்த பின்னரே பருத்தியோ உளுந்தோ சோளமோ மண்ணில் இறங்கும். மழை என்று வருமென்று அவனுக்குத் தெரியாதபோது, சென்னையிலுள்ள மகனைப் பார்க்க என்று புறப்படலாமென்பதை 60 நாளுக்கு முன் எவ்வாறு அறிவான்? தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் கடலைமிட்டாய்க் கடையிலும் வேலை செய்வோருக்கு விடுமுறை எப்போது கிட்டுமென்பது சரக்குக் கேட்பைப் பொறுத்தது. சாவுக்கும் வைத்தியத்துக்கும் தேதி குறிப்பவர் எவர்? இவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸிலோ முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ இடம் தேடும்போது காத்திருப்புப் பட்டியலே மிஞ்சுகிறது. தட்கலுக்கு அதிகக் கட்டணம். அதுவும் கைவிரல் வேகத்துக்கே கட்டுப்பட்டது. எஞ்சுவது முன்பதிவில்லாப் பெட்டி. அதில் நின்றும், கழிவறை வாயிலில் குந்தியும் இராமுழுதும் பிரயாணம் செய்கிறார்கள்.

மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவதியை விவரித்துக் காந்தியடிகள் பத்திரிகைகளுக்கு எழுதியது 1917-ல். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் எடுபட்டது. பெயர் போயிற்றே தவிர அவதி போகவில்லை.

ஆகவே, விருந்தினரின் சொற்ப இடங்களைப் பறித்துவிட்டால் நம் குறை தீருமென்று எண்ணுவது வீண். ரயில்வே இலாகாவை நாம் கேட்பது வேறு. வாஞ்சி மணியாச்சியிலிருந்து நாகர்கோவில் வரையுள்ள இரட்டைப் பாதை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாதை இரண்டானதன் பலன், குறைந்த கட்டண வண்டிகள் பெருகுவதில் தெரியவேண்டும். தென்பாண்டிச் சீமையிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஒவ்வோர் இரவு வண்டியிலும் முன்பதிவில்லாப் பெட்டிகளை அதிகமாக்கவேண்டும். கோவில்பட்டி போன்ற இடை நிலையங்களுக்கு, கடைசி வாரத்தில் சாதாரணக் கட்டணத்திலேயே கொடுப்பதற்கென்று சில படுக்கைகளை நிறுத்தி வைக்கவேண்டும். இணையமறியாதவர் தபாலாபீஸிலேயே பதிவு செய்யும் வசதி சில ஊர்களில் இருக்கிறது. எட்டயபுரம் முதலிய சுற்றுவட்டாரங்களுக்கும் அது குறைவின்றிக் கிடைக்கவேண்டும். ஆதாரில்லாத அயல்நாட்டுத் தமிழருக்குச் சாதாரண வகுப்பிலும் பாஸ்போர்ட்டைக் கொண்டு பதியும் வழி செய்யவேண்டும்.

விருந்தோம்பல் தமிழர் பண்பு. அதைக் கைவிடச் சொல்வாரில்லை. ஆனால் ஓராண்டுக்கு முன்பே தேதி தெரிந்தவருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும் இலாகா, நேற்றுப் பெய்த மழையை நம்பி இன்று புறப்படுகிறவனுக்கும் உட்கார ஓர் இடம் வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது. ரயில் அவனுடைய வரிப்பணத்திலும் ஓடுகிறது என்பதை அதிகாரிகள் மறக்கலாகாது.