பால் வாளி சுமந்தவளுக்குக் கடல்மேடை கனமா?

“எண்ணெய் மேடை ஆம்பிளைகள் வேலை செய்கிற இடம்; அங்கே பெண்ணுக்கு என்ன வேலை?” நம் சமூகம் இதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, தீர்ப்பாகவே சொல்லிவிடுகிறது. எஸ்.பி.எம். முடித்த மகள் பெட்ரோலியத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு மனுப் போடட்டுமா என்று கேட்டால், பதில் தயாராக இருக்கிறது: வேலை கனம், ராத்திரி பகல் கிடையாது, சுற்றிலும் ஆண்கள், குடும்பப் பெண்ணுக்கு ஒத்துவராது. ஆசிரியர், தாதி, கிராணி என்று மூன்று வேலைகளைக் காட்டிப் பேச்சை முடித்துவிடுவார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறைக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கை பொய்யானது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் கனமான வேலையும் செய்தார்கள், நச்சு வேலையும் செய்தார்கள், விடியுமுன் பிள்ளையைப் பிரிந்து போகிற வேலையும் செய்தார்கள். அப்போதெல்லாம் ஒத்துவந்தது. சம்பளம் உயரும் இடத்தில் மட்டும் பெண்ணின் உடம்பும் மானமும் நமக்கு ஞாபகம் வருவது ஏன்?

எண்ணெய்த் தொழில் நமக்குத் தூரத்தில் இல்லை: நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் கடற்கரையில் ஷெல்லும் எஸ்ஸோவும் 1960-களில் நிறுவிய இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இன்று ஹெங்யுவான், பெட்ரோன் என்ற பெயர்களில் ஓடுகின்றன. அதே மாநிலத்தில் சுவா பெத்தோங், ரந்தாவ் பக்கம் லின்சம், சிரம்பானுக்கு அருகே லாபு, பகாவ் பக்கம் கெடிஸ் என்று தோட்டங்கள் விரிந்து கிடந்தன. தோட்டத்தில் பெண்ணிடம் முழு ஆளுக்கான வேலையை வாங்கினார்கள். சம்பள நாளில்தான் அவள் குறை ஆளானாள். 1920-களின் பிற்பகுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40, 32 என இறங்கியது. விலை சரிந்த பிறகும் அந்த ஐந்தில் ஒரு பங்கு வெட்டு அப்படியே இருந்தது. ஆனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நிற்கும் நேரத்தை அவளுக்காக யாரும் தள்ளி வைக்கவில்லை. இருட்டோடு எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, நிரையில் மரம் மரமாகப் போய்ப் பட்டையில் உளி போட வேண்டும். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்துக் கவிழாமல் வைக்க வேண்டும். பால் நின்றதும் வந்த வழியே மறுபடி நடந்து அத்தனை மங்கையும் வாளியில் வழிக்க வேண்டும். பிறகு காண்டாக் கட்டையின் இரு முனையிலும் வாளியை மாட்டி, தோளில் ஏற்றி, மழையில் வழுக்கும் மேட்டில் ஒரு சொட்டுச் சிந்தாமல் பால் நிறுக்கும் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். கர்ப்பிணிகளும் இதைத்தான் செய்தார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு, ஆண் குலையை வெட்டிச் சாய்த்தான்; உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் கட்டித் தூக்கியவள் பெரும்பாலும் பெண்.

கனத்தைவிடக் கொடியது மருந்து. தோட்டங்களில் களைக்கொல்லி அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டது. முழுத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நிரை முழுவதும் நடந்து பாராகுவாட்டைத் தெளித்தார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பெண்களின் மூக்கு இரத்தத்தையும் தோல் புண்ணையும் கண் எரிச்சலையும் கெட்டுப்போன நகங்களையும் பதிவு செய்தது. மலேசிய அரசு அதே ஆண்டில் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரியில்தான் முழுமையாகத் தடை செய்தது. இத்தனை ஆண்டுகளில் எந்தக் கோயில் கமிட்டி, எந்தக் குடும்பப் பெரியவர், “விஷம் அடிக்கும் வேலை பெண்ணுக்கு ஆகாது” என்று சொல்லி நிறுத்தினார்? எண்ணெய் மேடையில் இரசாயனத்தைத் தொடுகிறவருக்குக் கையுறையும் முகக்கவசமும் எழுத்து வடிவ அனுமதியும் உண்டு. நம் பெண்களுக்குப் பழைய சட்டையும் முகத்தில் கட்டிய துண்டும்தான் கவசம். இந்த இரண்டில் எதைப் பார்த்து நாம் பயந்திருக்க வேண்டும்?

சட்டமும் இதே இரட்டை வேடத்தைப் போட்டது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, தொழில், விவசாய நிறுவனங்களில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. 35-ஆவது பிரிவு நிலத்தடி வேலையைத் தடுத்தது. பாதுகாப்பு என்றுதான் இதற்குப் பெயர். ஆனால் தொழிலாளர் துறையின் தலைமை இயக்குநர் விலக்கு அளித்தால் இரவுத் தடை விலகிவிடும். 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்து, குறைந்த சம்பளத்துக்குச் சுறுசுறுப்பான விரல்கள் வேண்டும் என்றபோது இரவு நேரம் பெண்ணுக்கு ஆபத்தில்லாததாகிவிட்டது. லயன் வீட்டுப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறி இரவு ஷிப்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரித் தாதிகளோ எக்காலத்திலும் இரவில் கண் விழித்தார்கள், தம்மைவிடக் கனமான நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். அது புண்ணியத் தொழில் என்று பெயர் வாங்கியது. ஆக, இரவோ கனமோ இங்கே பிரச்சினையாக இருந்ததே இல்லை. 34, 35 ஆகிய இரு பிரிவுகளும் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் அந்தத் தடைகள் இந்தச் சட்டத்தில் இல்லை. சட்டம் கைவிட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உடல் பலம் வேண்டாமா என்பார்கள். சில வேலைகளுக்கு வேண்டும். துளையிடும் தளத்தில் குழாய்களோடு மல்லுக்கட்டும் வேலைகள் அவற்றில் சேரும். அதை ஆள் பார்த்துச் சோதிக்கலாம். ஆணிலும் எல்லோரும் தேற மாட்டார்கள். ஆனால் மேடை முழுவதும் அந்த வேலைதான் என்பது சினிமா பார்த்து வந்த எண்ணம். குழாயைத் திருகிப் பூட்ட இன்று இயந்திரக் கைகள் வந்துவிட்டன. துளைப்பவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குகிறார். மண்ணியலாளர், உற்பத்தித் தொழில்நுட்பர், மின்கருவிப் பராமரிப்பாளர், பாதுகாப்பு அதிகாரி, மருத்துவ உதவியாளர், வானொலி இயக்குநர் என்று மேடையில் இருப்பவர்கள் பலர். தோளைவிடக் கவனத்தையே நம்பி நடக்கிற வேலைகள் இவை. இதற்கு இரத்தம் தோய்ந்த சாட்சியே உண்டு. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்பா மேடை வெடித்து 167 பேர் மாண்டார்கள். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அந்தத் தகவல் ஷிப்டு மாறும்போது அடுத்தவர் கைக்குச் சரியாகப் போகவில்லை. இரவு ஷிப்டுக்காரர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். அங்கே எத்தனை பலசாலிகள் இருந்தும் பயனில்லை. உயிரைக் காத்திருக்க வேண்டியது ஒரு தாளும் அதை நிதானமாகப் படிக்கிற கண்ணும்தான். மேடைக்கு ஹெலிகாப்டரில் போகிற எவரும் அதன் மாதிரிக்குள் கட்டப்பட்டு, தொட்டித் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டு, மூச்சடக்கி வெளியே வரும் பயிற்சியில் தேற வேண்டும். அந்தத் தொட்டி ஆண், பெண் பார்ப்பதில்லை.

குடும்பம் என்னாவது என்பது அடுத்த வாதம். பொதுவாக இரண்டு வாரம் மேடையில், இரண்டு வாரம் வீட்டில் என்று முறை வரும்; சில வேலைகளில் நான்கு வாரம்கூட ஆகும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. சின்னக் குழந்தை உள்ளவருக்கு இது கடினம், மறுக்க முடியாது. ஆனால் தோட்டத்துத் தாய் மட்டும் குழந்தையோடு இருந்தாளா? விடியுமுன் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடினாள். கடல்மேடைக்காரருக்கு வருஷத்தில் ஏறத்தாழப் பாதி நாள் முழுதாக வீட்டில் கிடைக்கிறது. தோட்டத்துத் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் கிடைத்ததா? வீட்டை விட்டுத் தூரம் போவதும் நமக்குப் புதிதில்லை. 1943-இல் ஜான்சி ராணிப் பெண்கள் படை அமைந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து பெண்கள் சேர்ந்து, துப்பாக்கிப் பயிற்சி பெற்று, பர்மா வரை போனார்கள். பிற்காலத்தில் தாதிப் பயிற்சிக்கென்று நம் பெண்கள் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். அப்பன் நாலு வாரம் கடலில் இருந்தாலும் பிள்ளை ஏங்கும்தானே? அவனைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

வலுவான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. நூறு ஆண்களுக்கு நடுவில் ஐந்தாறு பெண்கள், சுற்றிலும் கடல், நினைத்தபோது வெளியேற முடியாது. இந்தப் பயம் நியாயமானது, இதை லேசாகத் தள்ளக் கூடாது. ஆனால் ஆபத்து இடத்திலிருந்து வருவதில்லை, கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரத்திலிருந்து வருகிறது என்பதைத் தோட்ட வரலாறே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1941-இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், தங்கள் பெண்களிடம் துரைகளும் மேலாளர்களும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. பெண்களை வேலையிலிருந்து நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தப்புச் செய்கிறவனை நிறுத்தச் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2000 டிசம்பரில் இதே வழியில் நடந்தது. பெண்களின் இரவு வேலையைத் தடுத்த இந்தியத் தொழிற்சாலைச் சட்டப் பிரிவு அரசமைப்புக்கு ஒவ்வாது என்று நீக்கியதோடு, போக்குவரத்து, ஓய்வறை போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளை முதலாளி செய்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. நமக்கும் அதுதான் வழி. பூட்டுள்ள தனி அறை, பெண் உடலுக்கு அளவெடுத்த உயிர்காப்பு உடை, மேடைத் தலைவரைத் தாண்டிக் கரையில் நேரே புகார் செய்யும் வசதி, புகார் செய்தவளின் வேலைக்கு உத்தரவாதம்: இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அறை போதவில்லை என்று சொல்லிப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிற நிறுவனம் அறையைக் கட்டட்டும்.

பெண்களே மனுப் போடுவதில்லையே என்பார்கள் சிலர். உலகப் பெட்ரோலியப் பேரவையும் ஓர் ஆலோசனை நிறுவனமும் 2017-இல் வெளியிட்ட அறிக்கைப்படி எண்ணெய், எரிவாயுத் தொழிலில் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். கடல்மேடைக்குப் போனால் அந்த எண்ணிக்கை இன்னும் சுருங்கிவிடும். அது விருப்பமின்மைக்குச் சான்றாகாது. வீட்டிலும் பள்ளியிலும் ஆரம்பத்திலேயே மூடப்பட்ட கதவுக்குச் சான்று. தோட்டத்துப் பிள்ளைக்குத் தடை அந்தக் கதவு மட்டும் அல்ல. பணமும் வழிகாட்டலும் தெரிந்த ஆளும் இல்லாத குறை அண்ணனுக்கும் உண்டு, தங்கைக்கும் உண்டு. அதை அரசிடம் கேட்டுப் போராட வேண்டும். ஆனால் தங்கைக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூட்டை நாமே நம் கையால் மாட்டியிருக்கிறோம். அதைக் கழற்ற அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எண்ணெயின் காலமே முடியப் போகிறது, இனி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கடலில் காற்றாலை நட்டாலும் இதே போன்ற பயிற்சிதான் வேண்டும். இன்று கற்றுக்கொள்ளாதவள் நாளையும் வெளியேதான் நிற்பாள்.

ஆகவே பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். மகள் மனுவோடு வந்து நின்றால், “பெண்ணுக்கு ஆகுமா” என்று கேட்காதீர்கள். சம்பளம் என்ன, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, தங்கும் அறை எப்படி, புகாரை யாரிடம் சொல்வது, பயிற்சிச் செலவு யாருடையது என்று கேளுங்கள். மகனுக்கும் அதையே கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் இருவரையும் தடுங்கள். திருப்தியாக இருந்தால் இருவருக்கும் கையெழுத்துப் போடுங்கள்.