மெழுகுவர்த்தி வெளிச்சமும் ஃபோகஸ் பார்க்கும் கையும்

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975-இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ திரைப்படத்தைப் புகழ்ந்து பேசுவோர், பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைகளின் இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்திகளின் வெளிச்சத்திலேயே படம்பிடிக்க அவர் தேடிக் கண்டடைந்த லென்ஸைப் பற்றித் தவறாமல் சொல்லுகிறார்கள். நாசாவுக்காக ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்ததும், 50 மில்லிமீட்டர் குவியத் தூரமும் எஃப் 0.7 என்னும் அசாதாரணமான அபெர்ச்சரும் கொண்டதுமான அந்த லென்ஸ், இன்று நாம் மெச்சுகிற எஃப் 1.4 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடவல்லது. அதைப் பொருத்துவதற்காகவே ஒரு மிட்செல் காமிராவின் அமைப்பைத் திருத்தவேண்டியிருந்தது. ஆனால் அந்த லென்ஸின் எதிரே அமர்ந்திருக்கும் நடிகர் தலையைச் சற்றே முன்னே சாய்த்தாலும் முகம் மங்கிப்போகும் என்ற சங்கடத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவர், ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்குத் துணையாக நின்று ஃபோகஸ் பார்த்த டக்ளஸ் மில்ஸம் என்பதை நினைவுகூர்வோர் சிலரே.

அவருடைய உபாயம் வியக்கத்தக்கது. படம்பிடிக்கும் காமிராவுக்குச் செங்கோணமாகப் பக்கவாட்டில் ஒரு வீடியோ காமிராவை நிறுத்தி, அது காட்டும் உருவத்தைக் கட்டங்களிட்ட தொலைக்காட்சித் திரையில் கண்டு, நடிகர் முன்னே வந்தாரா பின்னே நகர்ந்தாரா என்று கணந்தோறும் நிதானித்து, அதற்கேற்ப லென்ஸின் வளையத்தைத் திருப்பினார். அந்தப் படத்துக்காக ஆல்காட் பெற்ற ஆஸ்கர் விருது முற்றிலும் தகுதியானதே. என்றாலும் அக்காட்சிகளின் தெளிவில் சரிபாதி அந்த வளையத்தைத் திருப்பிய விரல்களுக்கு உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

குப்ரிக்குக்கு அந்த லென்ஸை நாடும் நிர்ப்பந்தத்தை அளித்தது இருட்டு. நம் காலத்திலோ, நண்பகல் வெயிலிலும், விளக்குகள் பகலாக்கிய திருமண மண்டபத்திலும், பின்னணி கரைந்து போகவேண்டும் என்ற ஒரே ஆசையினால் பிரைம் லென்ஸின் அபெர்ச்சரை முழுவதும் திறந்துவைப்பது வழக்கமாகிவிட்டது. எஃப் 1.4 அபெர்ச்சர் கொண்ட 85 மில்லிமீட்டர் லென்ஸை முழுச்சட்டகக் காமிராவில் பொருத்தி, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து ஒரு முகத்தைப் படமெடுத்தால், தெளிவாகத் தோன்றும் ஆழம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டரே. முகம் சிறிது திரும்பியிருந்தால் அருகிலுள்ள கண் தெளிவாகவும் அப்பாலுள்ள கண் மங்கலாகவும் விழும். நடுப்புள்ளியால் கண்ணைக் குறித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பிறகு காமிராவைப் பத்துப் பாகை திருப்பிச் சட்டகம் அமைக்கிறவருக்கு, அந்தத் திருப்பத்தாலேயே தெளிவின் தளம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பின்னே போய்விடுகிறது. லென்ஸ் சரியில்லை என்று அவர் கடைக்காரரிடம் முறையிடுவதில் நியாயமில்லை. ஃபோகஸ் புள்ளியையே கண்ணின்மேல் நகர்த்திவைத்துப் படமெடுப்பதுதான் இதற்குப் பரிகாரம்.

கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் காமிராக்கள் வந்திருப்பது பெரிய சௌகரியம். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் தாலி கட்டும் அந்தக் கணத்தில் பார்க்கவேண்டியது மணமகனின் விரல்களையா, குனிந்த மணமகளின் முகத்தையா, பின்னால் விளக்கேந்தி நிற்கும் நாத்தனாரையா என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் காமிரா ஏற்காது. விரல்களுக்குக் கண் ஏது? அவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மனம் வேண்டும். அந்த மனத்தைப் பழக்குவதற்குச் செலவிடவேண்டிய சிரத்தையை, மேலும் விலையுயர்ந்த லென்ஸ் ஒன்றை வாங்குவதில் நாம் செலவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

வெளிச்சம் நிறைந்த மண்டபத்தில் அதே லென்ஸை அதே தூரத்தில் எஃப் 4-க்குக் குறைத்தால், தெளிவின் ஆழம் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் விரிகிறது. மணமகளின் இரண்டு கண்களும் நெற்றிச்சுட்டியும் ஒருங்கே துலங்கும். விளக்கொளி மட்டுமே உள்ள இடத்தில் முழுவதும் திறந்துகொள்ளட்டும், அது அந்த லென்ஸின் பிறப்புரிமை. ஆனால் அங்கே படமெடுப்பவரின் உடல் மூச்சுக்கு மூச்சு அசைவதே இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தைத் தாண்டிவிடப் போதுமானதாகையால், அவர் ஒரு தூணில் சாய்ந்து நின்று, ஒரே காட்சியை அடுத்தடுத்துப் பலமுறை எடுத்து, பின்பு பெரிய திரையில் இட்டுப் பார்த்துக் கண் தெளிந்த படத்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.