மூன்று களிம்பு பூசினால் பரு மூன்று மடங்கு வேகமாகப் போகுமா?

மாணவர்களே, இரவில் பரு களிம்பு பூசிப் படுத்தவர்கள் சிலர், தலையணை உறையில் வெளுத்த திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அது பென்சாயில் பெராக்சைடின் வேலை. இது ஓர் ஆக்சிஜனேற்றி. தோலில் பருவுக்குக் காரணமான பாக்டீரியாவைக் கொல்லும் அதே வினைதான் துணியின் சாயத்தையும் வெளுக்கச் செய்கிறது.

சாயத்தையே சிதைக்கும் பொருள், அதனுடன் பூசும் இன்னொரு மருந்தைச் சும்மா விடுமா? டிரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ வகைப் பரு மருந்து. அதன் சாதாரண ஜெல்லைப் பென்சாயில் பெராக்சைடுடன் கலந்து வெளிச்சத்தில் வைத்தபோது, சுமார் 2 மணி நேரத்தில் பாதிக்கு மேல் சிதைந்துவிட்டதாக ஆய்வில் தெரிந்தது. ஆனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த அடாப்பலீன் சிதைவதில்லை. அதனால் அதையும் பென்சாயில் பெராக்சைடையும் ஒரே ஜெல்லாகவே தயாரிக்கிறார்கள்.

எனவே, "இதோடு அதைச் சேர்க்காதே" என்று காணொளிகள் சொல்லும் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஏன் சேர்க்கக்கூடாது என்று கேளுங்கள்.

பல சமயம் காரணம் எரிச்சல்தான். சாலிசிலிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் தோலின் இறந்த செல்களைத் தளர்த்துகின்றன. ரெட்டினால் புதிய செல்கள் உருவாவதைத் துரிதப்படுத்துகிறது. மூன்றையும் ஒரே இரவில் பூசினால், தோலின் ஈரத்தைக் காக்கும் மேலடுக்கு பலவீனமாகும். முகம் சிவந்து, எரிந்து, உரியும். பலர் அதைப் பரு கூடிவிட்டதாக நினைத்து நான்காவது களிம்பை வாங்குகிறார்கள்!

இன்னோர் ஆபத்தும் உண்டு. டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், பாதரசம் கலந்த முகக் களிம்புகள் குறித்து மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. இணையத்தில் மலிவாக வாங்கிய டப்பாவில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது, எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

என் கருத்து இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு மருந்து போதும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம், பொறுத்திருங்கள். மென்மையான முகக் கழுவி, ஈரப்பதக் களிம்பு, பகலில் வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை துணைக்கு இருக்கட்டும். பரு வலித்தாலோ தழும்பு விழுந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

இன்றிரவு உங்கள் மேசையிலுள்ள டப்பாக்களைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு இருந்தால், ஒன்றை எடுத்து வைத்துவிடுங்கள்.